கட்டளைக் காது

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

என் இடது காதைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. இப்போது எடுக்கவே இல்லை என்கிறது. எடுக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பவர் என் தங்கையைக் கட்டிய நீங்கள்.

மருத்துவ வாரியத்தின் பதில் வந்துவிட்டது. நான் பீரங்கிக்கு இடப்பக்கம் உட்கார்ந்து குறி பார்த்தவனாம். குழல் எனக்கு வலப்பக்கம் இருந்ததாம். கெட்டுப் போயிருப்பதோ இடது காதாம். போதாததற்கு, குழுவில் எல்லாரும் காதடைப்பான் போட்டிருந்தார்கள் என்று குழுத் தலைவராக இருந்த நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாம். ஆகவே, முதுமையால் வந்த செவிட்டுத்தன்மை. அவ்வளவுதான், கோப்பை மூடிவிட்டார்கள்.

முதுமை என்ன, இடம் பார்த்து ஒரு காதில் மட்டும் ஏறி உட்காருமா? என் முழங்கால் இரண்டும் சேர்ந்துதான் மக்கர் பண்ணுகின்றன. கண் இரண்டும் சேர்ந்துதான் மங்கின.

இப்போது வலது காதிலும் இரைச்சல் தொடங்கியிருக்கிறது. பணியால் வந்த பாதிப்பு என்று ஒப்புக்கொண்டால்தான் பட்டாள ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவுக்குள் விடுவார்கள். முதுமை என்றால் வாசலோடு சரி. இருக்கிற ஒரு காதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். மேல்முறையீட்டை ஜூன் மாதம் விசாரிக்கிறார்கள். என்னை எதிர்த்து நிற்பது உங்கள் கையெழுத்து ஒன்றுதான்.

பாசத்தால் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். போனில் உங்கள் குரல் தகர டப்பாவுக்குள் வண்டு சுற்றுவது போலக் கேட்கிறது.

சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. குழல் இருந்த பக்கத்துக் காது எப்படிப் பிழைத்தது? தள்ளியிருந்த காது எப்படிப் போனது? வாரியத்துக்கு விடை தெரியவில்லை, அதனால் முதுமை என்றுவிட்டது. எனக்கும் தெரியவில்லை. ஆனால் நான் விடப்போவதில்லை.

உங்களுக்கு எந்தக் காது மந்தம்? அதை மட்டும் எழுதுங்கள். நலம் விசாரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

---

மார்ச் 13

மச்சானுக்கு வணக்கம்.

"நீங்கள், உங்கள்" என்று நீ எழுதியதைப் படித்ததும் யாரோ கடன்காரனுக்குப் போக வேண்டிய கடிதம் என்று நினைத்தேன். உன் தங்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் ரொம்பக் கோவத்துல இருக்கு, மரியாதை தூக்கலா இருக்கு பாருங்க" என்றாள்.

நான் பொய் எழுதவில்லை, மச்சான். முன்னாள் படைவீரர் சங்கத்து எழுத்தர் வீட்டுக்கு வந்து, "காதடைப்பான் கொடுத்தாங்களா? போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். கொடுத்தார்கள், போட்டிருந்தோம் என்றேன். நீயும்தானே போட்டிருந்தாய்? மஞ்சள் ரப்பர். அதைக் காதில் வைத்துக்கொண்டே நீ சமையல் கூடாரத்துக்கு வந்து, எவனோ கூப்பிட்டது கேட்காமல் சூடான பாத்திரத்தில் இடித்துக்கொண்ட கதை இன்றைக்கும் பழைய ஆட்களிடம் ஓடுகிறது. போடவில்லை என்று எழுதியிருந்தால், கொடுத்ததைப் போடாதது உன் குற்றம் என்று அன்றைக்கே மூடியிருப்பார்கள். உனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் காது நன்றாகத்தான் இருக்கிறது. மந்தமெல்லாம் இல்லை.

இந்த வரியை எழுதும்போது உன் தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு ஏதோ சொன்னாளாம். எனக்குக் கேட்கவில்லை. முன்னால் வந்து, "மந்தம் இல்லைன்னா, நான் இப்ப என்ன சொன்னேன்?" என்றாள். தெரியாது என்றேன். "அதான் சொன்னேன்" என்று போய்விட்டாள். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் காதை வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். விசாரிக்காதே என்றாலும் விசாரிப்பேன்.

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளை

---

மார்ச் 22

மாப்பிள்ளைக்கு,

கடிகாரம் என்ன சொன்னது? அதை எழுதாமல் பாத்திரக் கதை எதற்கு?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் ஒரு பிடி கிடைத்தது போலிருந்தது. போட்டிருந்தும் காது போயிருக்கிறது என்றால், அந்த ரப்பரே உருப்படாத ரப்பராக இருக்க வேண்டும். அதை நிரூபித்தால் போயிற்று. பரணில் இருந்த என் இரும்புப் பெட்டியை இறக்கினேன். பெல்ட், தொப்பி, துருப்பிடித்த சவரக் கத்தி எல்லாவற்றுக்கும் அடியில், போட்டோ டப்பாவுக்குள் அது இருந்தது. மஞ்சள் பழுப்பாகிவிட்டது. மற்றபடி அப்படியே இருக்கிறது.

பொட்டலம் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் காது டாக்டரம்மாவிடம் போனேன். என் மகள் வயது இருக்கும். நான் கத்திப் பேசுவதைக் கேட்டு முகம் சுளிக்காத முதல் டாக்டர். நான் கேட்பது சிரமம் என்பதால் ஒரு தாளை எடுத்துவைத்து எழுதியே பேசுகிறார். ரப்பரை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், அமுக்கினார், மோந்துகூடப் பார்த்தார். பிறகு எழுதினார்: "நல்ல ரப்பர்தான். இன்னொன்று எங்கே?"

"எந்த இன்னொன்று?" என்றேன்.

அவர் தன் இரண்டு காதையும் தொட்டுக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாப்பிள்ளை. இது தெரியாமல் ஒரு டாக்டரா என்று நினைத்தேன். "ஒண்ணுதாம்மா. குழல் பக்கத்துக் காதுக்குத்தான் ரப்பர். இன்னொண்ணு கட்டளைக் காது. அதை மூடக்கூடாது. மூடினா கமாண்டர் சொல்றது எப்படிக் கேக்கும்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன வார்த்தை எனக்கே அப்போதுதான் கேட்டது. பேருந்தில் வரும்போது என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

நாம் போட்டிருந்தோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது உண்மை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்றைப் போட்டால் போட்டதாக நம் இருவருக்கும் இத்தனை வருஷம் எப்படித் தோன்றியது? ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டி நின்றவனைப் பூட்ஸ் போட்டவன் என்று நீங்கள் விட்டிருப்பீர்களா? அணிவகுப்பிலேயே தோலை உரித்திருப்பீர்கள்.

இன்னொரு விஷயம். அந்த ரப்பரின் பின்பக்கம் ஒரு சின்ன வால் இருக்கிறது. கயிறு போல, நகத்தளவு நீளம். முனை பிய்ந்ததாகத் தெரியவில்லை, பிளேடு போட்டது போல இருக்கிறது. அது எதற்கு? காதில் எத்தனையோ தடவை சொருகியிருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை.

பீரங்கியில் குண்டு ஏற்றிய, நாம் பூனை என்று கூப்பிட்ட ஆள் உங்கள் ஊரில்தான் சாவிக் கடை வைத்திருக்கிறான் என்று கேள்வி. அவன் நின்றது குழலுக்கு வலப்பக்கம், எனக்கு நேர் எதிர். அவனுக்கு எந்தக் காது என்று போய்ப் பாருங்கள். கேட்காதீர்கள், பாருங்கள். கேட்டால் பொய் சொல்வான்.

மச்சான்

---

ஏப்ரல் 3

மச்சான்,

முதலில் கடிகாரம். உன் தங்கை சொன்னபடி ஸ்டூல் போட்டு ஏறி இடது காதைக் கடிகாரத்தில் வைத்தேன். சத்தமே இல்லை. நின்றுபோய்விட்டது என்று நினைத்து உள்ளே போய் பேட்டரி எடுத்து வந்தேன். அவள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "முள்ளு நகருதே, தெரியலையா?" என்றாள். பிறகு வலது காதை வைத்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கி, கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் உங்கள் எல்லாருக்கும் பின்னால், இடப்பக்கம் நின்றவன். என் வலது காதில் ரப்பர். கம்பியில்லாச் செய்தி வாங்கிச் சொல்பவன் எனக்கு இடப்பக்கம் நின்றதால் இடது காது அவனுக்கு. அவன் சொல்வதை வாங்கி உங்களுக்குக் கத்துவேன்.

மறுநாளே பூனையிடம் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஆள் மட்டும் உட்காரும் பெட்டிக் கடை. மீசை நரைத்தும் பூனை மீசைதான். என்னைக் கண்டதும் எழுந்து விறைப்பாக நின்று தலையை மேல் தட்டில் இடித்துக்கொண்டான்.

"என்ன கமாண்டர், சாவி தொலைஞ்சிடுச்சா?"

"ஆமாண்டா, உன் வாய்க்குப் பூட்டுப் போட்ட சாவி."

கேட்காமல் பார் என்றாயே, அதனால் பேசிக்கொண்டே அவனுக்கு வலப்பக்கம் போனேன். அவன் உடனே ஸ்டூலைத் திருப்பினான். நான் இடப்பக்கம் வந்தேன், திருப்பவில்லை. மறுபடி வலப்பக்கம். மறுபடி ஸ்டூல்.

"என்ன சார், பிரகாரம் சுத்துறீங்க?" என்றான்.

"வாடிக்கையாளர் எல்லாரையும் ஏண்டா இந்தப் பக்கமே நிக்கவைக்கிறே?"

"அந்தப் பக்கம் வெயில்."

நான் போனபோது வெயிலே இல்லை, மச்சான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் கையில் இருந்த சாவிக் கொத்தை வாங்கி அவன் வலது காதுக்குப் பக்கத்தில் ஆட்டினேன். கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தான். பிறகு, "வீட்ல சொல்லிடாதீங்க. சொன்னா தனியா ரோடு தாண்ட விடமாட்டாங்க" என்றான்.

உனக்கு இடது, அவனுக்கு வலது. நடுவில் பீரங்கி. இரண்டு பேருக்கும் பீரங்கியைப் பார்த்திருந்த காது பிழைத்திருக்கிறது. திறந்து வைத்த காது போயிருக்கிறது.

வால் விஷயம் கேட்டேன். அவன் தன் ரப்பரை எப்போதோ தொலைத்துவிட்டான். ஆனால் வால் ஞாபகம் இருக்கிறது. "உள்ள மாட்டிக்கிட்டா பிடிச்சு இழுக்கத்தான்" என்கிறான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நகத்தளவு வாலை, நாம் பணியில் இருந்த இடத்துக் குளிரில், கையுறை போட்ட விரலால் யார் பிடிக்க முடியும்? இப்போது எனக்கும் தூக்கம் கெட்டுவிட்டது.

உன் மாப்பிள்ளை

---

ஏப்ரல் 11

மாப்பிள்ளை,

பூனைக்கு வலது என்று படித்ததும் எழுந்து அறைக்குள் நடந்தேன். டாக்டரம்மாவிடம் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று பேரையும் பொம்மை போட்டு வரைந்தார். எனக்கும் உனக்கும் இடது காதில், பூனைக்கு வலது காதில் சிவப்புப் புள்ளி வைத்தார். அவர் எழுதியதைத் தருகிறேன்: "வெடிச் சத்தம் ஒரு பக்கம் மட்டும் போவதில்லை. தரையிலும் பீரங்கியின் கேடயத் தகட்டிலும் பட்டுத் திரும்பும். அடைத்த காது தப்பும், திறந்த காது போகும். உங்கள் வழக்குக்கு இது போதும். ஆனால் ஒரு காதை மட்டும்தான் அடைத்தோம் என்று எந்தத் தாளிலும் இல்லையே?"

தாளில் இருப்பது உன் கையெழுத்து. எல்லாரும் காதடைப்பான் போட்டிருந்தார்கள். படிக்கிறவன் என்ன நினைப்பான்? இரண்டு காதிலும் என்றுதானே?

அதை மாற்றி எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குழுவில் நான் சேர்ந்த முதல் நாள், கையில் ஒரு ரப்பரை வைத்து நீ சொன்னாய்: "ஒரு காது உன்னோடது, ஒரு காது என்னோடது." அப்போது நீ என் தங்கையைப் பெண் கேட்டிருக்கவில்லை. உன்னை எனக்கு ஆகவும் ஆகாது. இருந்தாலும் அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. என் காதில் பாதியை நம்பி ஒருவன் கேட்கிறான் என்று.

அது நீயாகச் சொன்னதா? வேறு யாராவது சொல்லிக் கொடுத்ததா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.

மச்சான்

---

ஏப்ரல் 26

மச்சான்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபத்தில் பதில் எழுதாமல் இருந்தேன். "அது நீயாகச் சொன்னதா" என்று கேட்டுவிட்டாய். நான் குழுவில் சேர்ந்தபோது என் தலைவர் எனக்குச் சொன்ன வார்த்தை அது. அவருக்கு யார் சொன்னார்களோ. கையில் ஒரு ரப்பர் கொடுத்தார், அந்த வார்த்தையைச் சொன்னார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

இதை எழுதிவிட்டு உறை ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று.

நேற்று உன் தங்கைக்கு முழங்கால் காட்டப் பட்டாள ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து வரிசையில் எனக்கு முன்னால் சீருடையில் ஒரு பெண் நின்றாள். தோளில் பீரங்கிப் படைச் சின்னம். இப்போது பெண்களையும் எடுக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. கழுத்தில் ஏதோ மஞ்சளாகத் தொங்கியது. நகை என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் நம் ரப்பர், மச்சான். இரண்டு ரப்பர். நடுவில் ஒரே கயிறு. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, கழுத்தைச் சுற்றி, ஒரே கயிறு.

"ஏம்மா, இது ரெண்டா?" என்றேன்.

"ஜோடி ஐயா. கயிறு இருக்கறதால தொலையாது."

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான். எங்க ஸ்டோர்ல பழைய பெட்டி ஒண்ணு கிடக்கு, அதுலயும் இதே மாதிரிதான். கலர்தான் கொஞ்சம் வெளுத்திருக்கு."

உன் கேள்விக்கு விடை அதுதான். வால் இல்லை அது. கயிறு. நமக்கு வந்ததும் ஜோடிதான். யாரோ நடுவில் வெட்டி, ஒரு ஆளுக்குக் கொடுக்க வேண்டியதை இரண்டு ஆளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கையில் ஒன்றுதான் இருந்ததால்தான் அந்த வார்த்தையே பிறந்திருக்கிறது. நாம் வார்த்தை முதலில் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. "நல்ல காலம்மா, உங்களுக்காவது ரெண்டும் இருக்கு, காதைக் காப்பாத்திக்குவீங்க" என்றேன். அவள் சிரித்தாள்.

"ரெண்டும் எங்க ஐயா போடறது? ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய தொங்கும். ஒரு காது நம்மளோடது, ஒரு காது கமாண்டரோடது."

அதே வார்த்தை. ஆள் மட்டும்தான் மாறியிருக்கிறது.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்வாங்க. அது அப்படித்தான் ஐயா."

அதற்குள் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. நான்தான் தோளில் தட்டிச் சொன்னேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் தங்கை சொன்னாள்: "ஒரு ஜோடி செருப்பை ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் குடுத்திருந்தா ஊரைக் கூட்டியிருப்பீங்க. காதுன்னதும் பெருமையா வாங்கிக்கிட்டு வந்திருக்கீங்க, ரெண்டு பேரும்."

புதிய வாக்குமூலம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். என் தவறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எழுதினவன் என்று என்னை வாரியம் குடைந்தெடுக்கும். எடுக்கட்டும். நீயே படித்துப் பார்த்துத் தபாலில் சேர்த்துவிடு.

உன் மாப்பிள்ளை

---

மே 3

மாப்பிள்ளை,

உன் வாக்குமூலத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபப்படாமல் படி.

"என் தவறு, என் தவறு" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்தால் வாரியத்துக்குக் கொண்டாட்டம். ஒரு கிழவன் தவறு செய்தான், இன்னொரு கிழவன் செவிடானான், இருவருக்கும் வயதாகிவிட்டது என்று மறுபடி மூடிவிடுவார்கள். ஸ்டோரில் ஒரு பிளேடு செய்த வேலையை நீ ஏன் தலையில் தூக்கிக்கொள்கிறாய்? அந்தப் பிளேடைப் பிடித்தவன்கூடக் கெட்டவன் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டதில் பாதிதான் வந்திருக்கும். பாதிப் பேருக்கு இரண்டு, பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை என்பதைவிட எல்லாருக்கும் ஒன்று என்பது அவனுக்கு நியாயமாகப் பட்டிருக்கும். அனுப்பாத மீதிப் பாதியைத்தான் நான் கேட்கிறேன். அதைக் கேட்க வேண்டிய இடம் உன் வீடு இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. மார்ச் மாதக் கடிதத்தைக் கிழித்துப் போடு. மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். கிழித்துப் போடு, போதும்.

ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை. நமக்குக் கொடுக்கவில்லை, அதனால் போடவில்லை. அவளுக்குக் கொடுத்தும் கழுத்தில் தொங்குகிறது. ஆகவே இனிமேல் ஆகவேண்டியதை எழுதுகிறேன். யார் யார் என்றும் எழுதுகிறேன். இதில் ஒரு எழுத்துக் குறைந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீ வாக்குமூலத்தைத் திரும்ப எழுத வேண்டும். தவறு, மன்னிப்பு, வருத்தம் எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு ரப்பர் வந்தது. அதில் வெட்டிய கயிறு இருந்தது. குழல் பக்கத்துக் காதில் போட்டோம், மறு காதைத் திறந்து வைத்தோம். நடந்தது அவ்வளவுதான், அதை எழுது.

பூனை அவன் வீட்டில் சொல்ல வேண்டும். ரோடு தாண்டக் கைபிடித்துக் கூட்டிப் போனால் போகட்டும், மானம் ஒன்றும் போகாது. பிறகு அவன் காதையும் சோதித்து, என் மனுவோடு சேர்த்து மனுப் போட வேண்டும். டாக்டரம்மா இலவசமாகப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். நம் மூவரின் பொம்மைப் படத்தையும் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்.

வாரியம் "முதுமையால்" என்ற சொல்லை அடிக்க வேண்டும். கருணையின் பேரில் சிகிச்சை என்று எழுதித் தந்தால் நான் வாங்கமாட்டேன். பணியால் என்று எழுதினால் மட்டும் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பேன். வலது காது அதுவரை பொறுக்காமல் போனாலும் சரி, இதில் இறங்கி வரமாட்டேன்.

ஸ்டோர்காரர்கள் ஜோடியை ஜோடியாகக் கொடுக்க வேண்டும். கேட்டது வரவில்லை என்றால், வரவில்லை என்று மேலே எழுத வேண்டும். பகிர்ந்து கொடுத்துச் சமாளிக்கக் கூடாது. சமாளித்த இடமெல்லாம் வழக்கமாகிவிடுகிறது.

இன்றைய குழுத் தலைவர்கள் அந்த வார்த்தையைச் சொல்வதை நிறுத்த வேண்டும். குறி பார்க்கிறவன் கண்ணாடியில் கண்ணை வைத்திருப்பான், கையசைத்தால் தெரியாது. தோளில் தட்டலாமே? அந்தப் பெண்ணை நீ தட்டித்தானே திருப்பினாய்? காதை மூடியபடியே பேச்சை வாங்கும் கருவிகூட இருக்கிறதாம், டாக்டரம்மா படம் காட்டினார். அதை வாங்கித் தர வேண்டியது படைத் தலைமை. அதுவரை தோள் இருக்கிறது, கை இருக்கிறது. இதைத் தனிக் கடிதமாகத் தலைமைக்கு நான் எழுதுகிறேன். பதில் வரும்வரை மாதா மாதம் எழுதுவேன்.

அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டியது நீ. உன் வார்த்தையைத்தான் அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். தங்கை அடுத்த முறை முழங்காலுக்குப் போகும்போது சீக்கிரமே போய் வரிசையில் நில். இரண்டு காதும் அவளுடையதுதான் என்று சொல்.

தங்கை உன்னை ஜூன் மாதம் இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும். விசாரணைக்கு முன்தினம் நாம் உட்கார்ந்து பேச வேண்டும். உட்காரும் விதத்தையும் யோசித்துப் பார்த்தேன். நீ எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் நீ சொல்வது எனக்குக் கேட்கும், நான் சொல்வது உனக்குக் கேட்காது. பட்டாளத்தில் நீ சொல்ல நான் கேட்டது அப்படித்தான். இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் சொல்வது உனக்குக் கேட்கும், நீ சொல்வது எனக்குக் கேட்காது. மார்ச் மாதம் நான் திட்ட நீ கேட்டுக்கொண்டது அப்படித்தான்.

ஆகவே எதிரே உட்கார். நாற்காலியை நான் போட்டுவைக்கிறேன்.

மச்சான்